படத்தில் விழுந்த காப்பு

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், பிச்சை முகம்மதுவின் அலுமினியப் பாத்திரக் கடை மாடியில் கூடியிருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். கீதாரி வீட்டு வன்னியபெருமாள், அவர் மகள் கிருஷ்ணவேணி, பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த சாமித்துரை, அவர் மனைவி கோமதியம்மாள், கடைக்காரர் பிச்சை முகம்மது, அவர் மனைவி சைத்தூன் பீவி, கிருஷ்ணவேணியோடு வேலை பார்க்கும் அழகுத்தாய், சென்னையிலிருந்து வந்த படக்காரப் பெண் பிரித்திகா, அவளுக்குக் கேமரா பிடித்த யோகராஜ். அவ்வளவுதான். நூறு பேர் கூடினார்கள், தெருவே திரண்டது என்பதெல்லாம் பிறகு கட்டிவிட்டது. டீக்கடை தங்கசாமி அன்றைக்கு அங்கே இல்லை. இந்தக் கதையை எல்லோரையும்விட நன்றாகச் சொல்கிறவர் அவர்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

சன்னல்களை நீலத்தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். தீப்பெட்டிக்குச் சுற்றுகிற தாள் அது. வெளியே வெயில் ஏற ஏற அறைக்குள் ஒரு நீல வெளிச்சம் பரவியது. எதிர்ச்சுவரில் சைத்தூன் பீவியின் வெள்ளைப் படுக்கை விரிப்பு தொங்கியது. வன்னியபெருமாள் முன்வரிசையில், மரநாற்காலியில், முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயதில் முதுகை நேராக வைத்திருப்பதே தனியாக ஒரு வேலையாகிவிட்டது. வேறு யார் வீட்டிலும் அவர் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாய்ந்துகொண்டால் நன்றாகத்தான் இருக்கும் என்று அந்தக் காலையில் அவருக்குத் தோன்றியது. தோன்றியதே தவிரச் சாயவில்லை.

சாமித்துரையும் கோமதியம்மாளும் படம் பார்க்க வரவில்லை. அவர்கள் வந்தது கல்யாண நாள் குறிக்க. வன்னியபெருமாளின் பேத்தி முத்துசெல்வியை அவர்கள் மகன் செண்பகராஜுக்குப் பேசி முடித்திருந்தது. காலை எட்டரை பஸ்ஸில் வந்து இறங்கியவர்களை வீட்டுக்குக் கூட்டிப் போகிற வழியில் பிச்சை முகம்மது கடையிலிருந்தபடியே பார்த்துவிட்டார்.

"கீதாரி அண்ணாச்சி! சம்பந்தக்காரவியளா? நல்ல நேரத்துல வந்திருக்காவ. நம்ம தெருவைப் படம் எடுத்தாவள்லா, பத்து மணிக்கு மாடியில போடுதாவ. உங்க சம்பந்தி அதுல பேசியிருக்காவ அண்ணாச்சி, ராசா மாதிரி நாற்காலி போட்டு!"

"நமக்கு வேலை இருக்கு பாய்" என்றார் வன்னியபெருமாள்.

"நாப்பது நிமிசம். அதுக்குள்ள என்ன நாள் ஓடியா போயிரும்?" என்று பிச்சை முகம்மது சாமித்துரையின் கையைப் பிடித்துக்கொண்டார். சாமித்துரைக்கும் ஆசை வந்துவிட்டது.

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாய். பஸ் ஸ்டாண்டு, கோயில், மிட்டாய்க் கடை வரிசை, அதோடு ஊர் முடிந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெருக்கள் எந்தப் படத்திலும் வந்ததில்லை. அந்தத் தெருக்களை எடுக்கத்தான் பிரித்திகா வந்தாள். சித்திரை வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, யோகராஜும் அவளுமாகப் பன்னிரண்டு நாள் அலைந்தார்கள். குழாயடி, கரிமூட்டம், ஓட்டுக்கூரை, தீப்பெட்டி ஆபீஸ் என்று எல்லாவற்றையும் எடுத்தார்கள். சென்னையில் அந்தப் படத்தை இருபது பேர் பார்த்தார்களாம். வேறு எங்கேயும் யாரும் கேட்கவில்லையாம். எடுத்த இடத்திலாவது போட்டுக் காட்டுவோம் என்று குறுந்தகட்டில் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

வன்னியபெருமாளை அவள் தேடி வந்தபோது அவர் தேய்த்த வேட்டி கட்டி, தெருவில் நாற்காலி போடச் சொல்லி, இரண்டு மணி நேரம் பேசினார். பாட்டனார் காலத்தில் எண்ணூறு ஆட்டுக் கிடை, உரத்துக்காக ராத்திரி காட்டில் அமர்த்துகிற மந்தை. இடைசெவலிலிருந்து விளாத்திகுளம் வரை எந்தக் காட்டில் கிடை போட வேண்டுமானாலும் காட்டுக்காரர் வண்டி அனுப்பிக் கீதாரியைக் கூட்டிப் போக வேண்டும். நடந்து வா என்று சொன்னவன் காட்டில் அந்தக் குடும்பம் கிடை அமர்த்தியதில்லை. கிடைக்குத் தலைவரான கீதாரி கையில் போட்டுக்கொள்ளும் முறுக்கு வெள்ளிக் காப்பு, நடுவில் ஆட்டுக்கொம்பு மாதிரி ஒரு வளைவு வைத்தது, மூன்று தலைமுறையாக இறங்கி அவர் வலது கையில் கிடக்கிறது. அதைக் கழற்ற முடியாது. சதையும் காப்பும் ஒன்றாகிவிட்டன. எல்லாவற்றையும் சொன்னார். ஆடுகள் போனது எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. மறுநாள் மத்தியானம் அந்தப் பெண் வீட்டுக்குள் வந்துவிட்டாள். கிருஷ்ணவேணிதான் தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டாள். கூடத்தில் அடிப்பெட்டிகள், தீப்பெட்டிக்குள் குச்சி வைக்கிற உள்பெட்டிகள், குவிந்து கிடந்தன. "எனக்கும் கத்துக்குடுங்கக்கா" என்று உட்கார்ந்து, பசையை அள்ளி அள்ளிப் பூசி, தாளை நனைத்து, மூலையை மடிக்கத் தெரியாமல் கிழித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த வன்னியபெருமாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, பசையா பூசுத, தோசைக்கு மாவா ஊத்துத? இங்கன குடு."

வாங்கி, காலை நீட்டி உட்கார்ந்து, ஒட்டிக் காட்டினார். ஒன்று, இரண்டு, பத்து. மழை பொய்த்து மூன்று வருடம், முழங்கால் மடங்காமல் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் செய்கிற வேலை அது. தெருவில் யாருக்கும் தெரியாது என்பது அவர் நினைப்பு. கை தானாக ஓடியது. நிமிர்ந்து பார்த்தபோது யோகராஜின் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது வெளிய வரப்படாது."

"முகம் வராதுங்க ஐயா. கையை மட்டும்தான் எடுத்தோம். சத்தியமா."

முகம் வராது என்றதும் அவர் சரி என்றுவிட்டார். கைக்கு முகம் கிடையாது என்று நினைத்தார். காப்பு அவர் நினைவுக்கு வரவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற கை. அதில் காப்பு கிடப்பது கண்ணுக்குத் தெரிவது நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது.

கிருஷ்ணவேணியும் ஆபீசில் தன்னைப் படம் எடுக்கட்டுமா என்று வந்து கேட்டாள். "உன் இஷ்டம்" என்றார். வேண்டாம் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்வார். பதினாறு வருடம் முன்பு லாரி மோதிப் புருஷன் செத்து, கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரிய முத்துசெல்வியோடு வந்து, இந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறவள். இந்த ஒருமுறை அவள் அதை நேரான அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாள்.

இதெல்லாம் சித்திரையில். ஆவணியில் பெண் பார்க்க வந்தார்கள். வடையைக் கையில் எடுத்துக்கொண்டே சாமித்துரை கேட்டார்.

"பொண்ணுக்கு அம்மா என்ன பண்ணுதாவ அண்ணாச்சி?"

"ஆபீசுக்குப் போறா."

கோவில்பட்டியில் இதற்கு ஒரே அர்த்தம்தான். தீப்பெட்டி வேலை நடக்கிற இடம் ஆபீஸ். காலையில் தூக்குச்சட்டியோடு கூட்டமாகப் போகிற பெண்களைக் கேட்டால் ஆபீசுக்கு என்பார்கள். வேறு ஆபீஸ் என்றால்தான் பேர் சொல்ல வேண்டும். தாலுகா ஆபீஸ், கரண்டு ஆபீஸ். பாளையங்கோட்டையில் அப்படி இல்லை. சாமித்துரையின் முகம் மலர்ந்தது.

"அப்படியா! பெர்மனென்டா?"

வன்னியபெருமாள் அவரைப் பார்த்தார். என்ன நடந்துவிட்டது என்று அவருக்கு அப்போதே விளங்கியது.

"பதினாறு வருசமாப் போறா" என்றார்.

ஒரு வார்த்தை பொய் இல்லை. சாமித்துரை தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு பெரியவர் கையில் கிடந்த காப்பைப் பார்த்து விசாரித்தார். அரைமணி நேரம் காப்பின் கதை நடந்தது. அன்றிலிருந்து வன்னியபெருமாள் சரியாகத் தூங்கவில்லை. பொய் சொன்னால் ஒரு தடவையோடு போகும். திருத்தாமல் விட்டது தினம் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

மாடியில் விளக்கை அணைத்தார்கள். விரிப்பில் தண்டவாளம் வந்தது. சரக்கு வண்டி ஒன்று போகப் போகப் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் குழாயடி, குடங்கள், சண்டை.

"அல்லா, என் மூக்கு இம்புட்டுப் பெருசாவா இருக்கு?" என்று சைத்தூன் பீவி வாயைப் பொத்தினார்.

"படத்துல சின்னதாத்தான் காட்டியிருக்காவ" என்றார் பிச்சை முகம்மது. எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்து வன்னியபெருமாள் வந்தார். நாற்காலி, தேய்த்த வேட்டி, வலது கை வேட்டி மடிப்பில். "எங்க வீட்டுக்கு வந்தவிய யாரும் பசியோட திரும்பினது கிடையாது" என்றார். அவ்வளவுதான். அடுத்த நொடி அவர் இருந்த இடத்தில் ஒரு கோழி நடந்துபோனது. இரண்டு மணி நேரம் பேசியதில் மிஞ்சியது அந்த ஒரு வரி. எண்ணூறு ஆடும் வண்டியும் எங்கே போயின என்று அவர் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமித்துரை மட்டும் மெல்லக் குனிந்து, "நல்லா விழுந்திருக்கீங்க அண்ணாச்சி" என்றார்.

பிறகு ஆபீஸ் வந்தது. நீளமான கொட்டகை, வரிசை வரிசையாகப் பெண்கள். கட்டையில் பள்ளம் பள்ளமாகக் குச்சி அடுக்குகிறார்கள். கிருஷ்ணவேணியின் முகம் விரிப்பு முழுவதும் நின்றது. "பேரு கிருஷ்ணவேணி. பதினாறு வருசமா ஆபீசுல கட்டை அடுக்குதேன். வீடு, கீதாரி வீடு. கேட்டா யாரும் சொல்லுவாவ." கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள்.

"ஏ கிட்ணவேணி, எங்கூட வெயில்ல வாரவதான நீ, படத்துல மட்டும் எப்படிச் செவப்பா இருக்க? என்னத்தப் பூசுன?" என்றாள் அழகுத்தாய்.

யாரும் சிரிக்கவில்லை. அழகுத்தாய்க்கு ஏன் என்று புரியவில்லை. சாமித்துரை விரிப்பைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த கிருஷ்ணவேணியைப் பார்த்தார், மறுபடி விரிப்பைப் பார்த்தார். கோமதியம்மாள் அசையவில்லை.

அப்போதுதான் அந்தக் கைகள் வந்தன. முகம் இல்லை. பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். இரண்டு முதிய கைகள், பசைக் கிண்ணம், நீலத்தாள், ஒன்றன்பின் ஒன்றாக விழுகிற அடிப்பெட்டிகள். வலது மணிக்கட்டில் ஆட்டுக்கொம்பு வளைவு வைத்த வெள்ளிக் காப்பு, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு தடவை மின்னியது. கீழே எழுத்து ஓடியது: 'பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொழிலாளி.'

கரண்டு போனது.

மின்விசிறி சுற்றி நின்றது. பிச்சை முகம்மது தடவிக்கொண்டே போய் ஒரு சன்னலின் நீலத்தாளைக் கிழித்தார். வெயில் உள்ளே விழுந்தது. வன்னியபெருமாள் தோளில் கிடந்த துண்டை இழுத்து வலது கையை மூடினார்.

"அண்ணாச்சி" என்றார் சாமித்துரை. "நீங்க அன்னைக்கு ஆபீஸ்னு சொன்னது…"

"இதான் ஆபீஸ்."

"நான் தாலுகா ஆபீஸ்னுல்லா நெனச்சேன்."

"தாலுகான்னு நான் சொல்லல."

"சொல்லல. பெர்மனென்டான்னு கேட்டேம்லா? பதினாறு வருசம்னீங்க."

"அது சத்தியமான பேச்சு அண்ணாச்சி" என்று அழகுத்தாய் குறுக்கே வந்தாள். "நான் சாட்சி. எங்க ஆபீசுல எங்களைவிடப் பெர்மனென்டு ஒருத்தரும் கெடையாது. மொதலாளி மூணு பேரு மாறியாச்சு, நாங்க அங்கனயேதான் இருக்கோம்."

"நீ சும்மா இருட்டி" என்றாள் கிருஷ்ணவேணி.

சாமித்துரை கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "எங்க தெரு பூராவும் சொல்லிட்டனே. சம்பந்தியம்மா தாலுகா ஆபீசுல ஹெட் கிளார்க்குன்னு."

"ஹெட் கிளார்க்கு எங்கேயிருந்து வந்துச்சு?" என்றார் கோமதியம்மாள். அதுதான் அவர் பேசிய முதல் பேச்சு.

"அது… நானாச் சேர்த்துக்கிட்டது."

"நான் பொறந்தது கழுகுமலை. இந்தப் பக்கத்துல ஒருத்தி ஆபீசுக்குப் போறான்னா எங்க போறான்னு எனக்குத் தெரியாதாக்கும்? அன்னைக்கே வெளங்கிட்டு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டிய? பஸ் கயத்தாறு தாண்டுததுக்குள்ள அவியளுக்கு உத்தியோகம் குடுத்து, பிரமோசனும் குடுத்தாச்சு."

பிச்சை முகம்மது வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். சாமித்துரைக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேலையை நான் ஒண்ணும் கொறையாச் சொல்லல. நான் தப்பா நெனச்சது தெரிஞ்சும் அண்ணாச்சி சும்மா இருந்தாவள்லா, அதான் கஷ்டமா இருக்கு. அந்தக் காப்பைப் பத்தி அரைமணி நேரம் சொன்னீங்க. அந்தக் கையி என்ன செய்யுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அறையில் எல்லோரும் வன்னியபெருமாளைப் பார்த்தார்கள். கிருஷ்ணவேணி தரையைப் பார்த்தாள். இந்த இடத்தில் அப்பா எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விடுவார், முத்துசெல்வி கல்யாணம் இந்தப் படிக்கட்டோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். அவள் மகள் அப்போது வீட்டில் விருந்தாளிகளுக்காகக் கோழி வதக்கிக்கொண்டிருந்தாள்.

வன்னியபெருமாள் எழவில்லை. சன்னல் வெயில் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது.

"திருத்தியிருக்கணும்" என்றார். "திருத்தல. தப்பு எம்மேலதான்."

கீதாரி வீட்டு ஆண் ஒருவன் அடுத்தவர் முன்னால் தப்பு என்று சொல்லி அந்தத் தெரு கேட்டதில்லை. சொன்ன பிறகும் அவர் முதுகு நேராகத்தான் இருந்தது. சாமித்துரை கைக்குட்டையை நான்காக மடித்தார்.

கோமதியம்மாள்தான் தொண்டையைச் செருமினார். "மாமா, ஒண்ணு சொன்னா வருத்தப்படப்படாது. கல்யாணத்துக்கு முந்தி நானும் ஆறு வருசம் பெட்டி ஒட்டினவதான். இவியளுக்கே தெரியாது. அடிப்பெட்டிக்கு மூலை மடிக்கையில நீங்க கட்டைவிரல் குடுக்கீய. பசை வெளிய பிதுங்குது. சுட்டுவிரல் குடுத்தாப் பிதுங்காது."

வன்னியபெருமாள் தலையைத் திருப்பினார். வெகுநேரத்துக்குப் பிறகு கண்ணில் கோபம் வந்தது.

"பிதுங்குதா? எங்க பிதுங்குது?"

"படத்துல பாத்தேனே."

"ரெண்டு வருசமா என் பெட்டிய ஒண்ணு திருப்பி விட்டது கெடையாது ஆபீசுல. கேளுங்க இவகிட்ட."

"திருப்பல" என்றாள் கிருஷ்ணவேணி.

"கரண்டு வரட்டும். மறுபடி போடச் சொல்லுவோம். பிதுங்குதா, பிதுங்கலையான்னு பாத்துருவோம்."

துண்டு நழுவிக் கீழே விழுந்திருந்தது. அவர் எடுக்கவில்லை.

மூலையில் நின்ற பிரித்திகா அப்போதுதான் பக்கத்தில் வந்தாள். "ஐயா, மன்னிச்சிடுங்க. காப்பை நான் யோசிக்கவே இல்ல. நீங்க வேணாம்னு சொன்னா அந்தக் கை வர்ற இடத்தை முழுசா எடுத்துடறேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சொல்லப்போனால் அவள்மேல் கோபமாக இருக்கக்கூட அலுப்பாக இருந்தது.

"எடுக்க வேண்டாம் தாயி. கீழ என்னமோ எழுதியிருந்தியே, அது என்ன?"

"பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொழிலாளின்னு…"

"பேர் சொல்ல முடியாதவன் வீட்டுலயா இவிய பொண்ணு எடுக்கப்போறாவ? அதை அழிச்சிட்டுப் பேரைப் போடு. வன்னியபெருமாள், கீதாரி வீடு. 'ன்னி'க்கு ரெண்டு சுழி 'ன', மூணு சுழி இல்ல. தப்பாப் போட்டுராத."

'எடுக்கப்போறாவ' என்று சொல்லும்போது அவர் சாமித்துரையைப் பார்க்கவில்லை. சாமித்துரை மடித்த கைக்குட்டையைப் பையில் வைத்தார்.

"எங்க தெருவுல நான் என்ன சொல்லுதது?" என்றார். கேள்வி மனைவியிடம்.

"ஆபீஸ்னே சொல்லுங்க. அதான உண்மை" என்றார் கோமதியம்மாள்.

கரண்டு வந்தது. விசிறி சுற்றியது. பிரித்திகா படத்தைப் பின்னால் தள்ளிக் கைகள் வருகிற இடத்தை மறுபடி போட்டாள். ஒன்பது பேரும் முன்னால் சாய்ந்து மூலை மடிப்பைப் பார்த்தார்கள். பசை கொஞ்சம் பிதுங்கத்தான் செய்தது. யாரும் சொல்லவில்லை. வன்னியபெருமாளும் பார்த்தார். பார்த்துவிட்டு, முதல் முறையாக, நாற்காலியில் மெல்ல முதுகைச் சாய்த்தார்.

இனி டீக்கடை தங்கசாமி சொல்வது. கீதாரி வீட்டுப் பெரியவர் ஆத்திரத்தில் எழுந்து மிஷின் ஒயரைப் பிடுங்கி எறிந்தார், படம் பாதியில் நின்றது, அதோடு கல்யாணமும் நின்றது என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார். ஒயரை யாரும் பிடுங்கவில்லை. கரண்டு போனது, இருபது நிமிடத்தில் வந்தது. படம் கடைசிவரை ஓடியது. கல்யாணம் தை மாதம் பாளையங்கோட்டையில் நடந்தது. தங்கசாமிக்கும் பத்திரிகை வைத்தது. அவர் வரவில்லை.